ஜகந்நாத் சடக்: அரிசி வராத சாலை

(சற்றே நீண்ட பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க இயலாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு பின்னர் வாசிக்கலாம்.)

வடசென்னையில் மூலக்கடையிலிருந்து மாதவரம், செங்குன்றம் வழியாக ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் சாலைக்கு ஜி.என்.டி. சாலை என்று பெயர். அதன் ஓரத்தில் வளர்ந்தவன் நான். அம்மூன்று எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று பள்ளி நாட்களில் ஒருமுறையும் கேட்டதில்லை. ஒடிய-தெலுங்கு மொழித்தொடர்பு குறித்த என் ஆய்வுக்காக ஒடிசாவின் பாலேஸ்வர் நகரில் சில வாரங்கள் தங்க நேர்ந்தபோது, அங்குள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளில் ‘ஓ.டி. ரோடு’ என்று எழுதியிருக்கக் கண்டேன். ஒரிசா டிரங்க் ரோடு என்பதன் சுருக்கம் அது. நம் ஊர் ஜி.என்.டி.யின் விரிவு கிரேட் நார்தர்ன் டிரங்க் ரோடு. மதராஸிலிருந்து வடக்கே ஏறிய சாலைக்கும் கல்கத்தாவிலிருந்து தெற்கே இறங்கிய சாலைக்கும் இருவேறு மாகாண நிர்வாகங்கள் இட்ட பெயர்கள் இவை. இன்று இரண்டையும் ஏறத்தாழப் பின்பற்றிச் செல்கிறது, சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 1711 கிலோமீட்டர் நீளமுள்ள தேசிய நெடுஞ்சாலை 16.

நெல்லூர், ஓங்கோல், ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம், பெர்காம்பூர், கட்டக், பத்ரக், பாலேஸ்வர் எனக் கிழக்குக் கடற்கரையின் நகரங்களையெல்லாம் ஒரே நூலில் கோக்கும் இந்நெடுஞ்சாலையின் வரலாற்றை முழுமையாக எழுத ஒரு நூல் வேண்டும். இங்கு நான் எழுத விரும்புவது அதன் வடபகுதியைப் பற்றி மட்டுமே. கல்கத்தாவிலிருந்து மேதினிபூர், ஜலேஸ்வர், பாலேஸ்வர், பத்ரக், கட்டக் வழியாகப் பூரிக்குச் சென்ற அப்பகுதியை மக்கள் ‘ஜகந்நாத் சடக்’ என்றனர். 1866-ஆம் ஆண்டு ஒரிசாவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டபோது, இந்தச் சாலை அங்கே இருந்தது. கட்டி முடித்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அதன்வழி அரிசி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி.

முதலில், இச்சாலை எதற்காகப் போடப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும்.

1751-இல் வங்காள நவாப் அலிவர்தி கான் ஒரிசாவை நாக்பூரின் போன்ஸ்லே மராத்தியரிடம் விட்டுக்கொடுத்தார். அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனி வடக்கே வங்காளத்தையும் தெற்கே வடசர்க்கார்களையும் பெற்றபோதும், நடுவில் மராத்தியர் நிலம் ஓர் இடைவெளியாக நின்றது. அவ்விடைவெளி எவ்வளவு துன்பம் தரும் என்பதைக் கம்பெனி 1781-இல் உணர்ந்தது. ஹைதர் அலியின் படைகள் கர்நாடகத்தைச் சூறையாடிக்கொண்டிருக்க, மதராஸுக்குத் துணைப்படை அனுப்ப வாரன் ஹேஸ்டிங்ஸ் முடிவு செய்தார். வங்காளச் சிப்பாய்கள் கப்பலேற மறுப்பார்கள் என்ற அச்சத்தால் கர்னல் பியர்ஸ் தலைமையில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கடற்கரையை ஒட்டி நடந்தே அனுப்பப்பட்டனர். மராத்தியரோடு பேச்சு நடத்தி, பணமும் கொடுத்து வழி வாங்கவேண்டியிருந்தது. கஞ்சத்தை அடைந்தபோது படைக்குள் காலரா புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. எஞ்சியவர்கள் ஆகஸ்டு மாதத்தில்தான் மதராஸுக்கு அருகே சர் அயர் கூட்டின் படையுடன் சேர முடிந்தது.

1803-இல் இரண்டாம் மராத்தியப் போரின்போது கஞ்சத்திலிருந்து புறப்பட்ட ஹார்கோர்ட்டின் படை செப்டம்பரில் பூரியையும் அக்டோபரில் கட்டக்கின் பாராபதிக் கோட்டையையும் பிடித்தது. வங்காள மாகாணமும் மதராஸ் மாகாணமும் முதன்முறையாக நிலவழியே தொட்டுக்கொண்டன. படையும் தபாலும் தடையின்றிச் செல்ல ஒரு சாலை வேண்டும் என்ற எண்ணம் அப்போதே எழுந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கல்கத்தாவின் பெருஞ்செல்வரான ராஜா சுகமய் ராய், பூரி யாத்திரிகர்களின் நன்மைக்காக ஒன்றரை இலட்சம் ரூபாய் அளித்தார். 1810-களில் தொடங்கிய வேலை 1820-களின் நடுவில் முடிந்தது. அரசின் தேவையும் பக்தரின் கொடையும் சேர்ந்து உருவான சாலை என்பதால்தான் அரசுக் கோப்பில் டிரங்க் சாலையாகவும் மக்கள் வாயில் ஜகந்நாதரின் சாலையாகவும் அது இரட்டைப் பெயரோடு வாழ்ந்தது. (‘சடக்’ என்ற சொல் இந்தோ-ஆரிய மொழிகளில் சாலைக்குப் பொதுவாக வழங்குவது. மலேசியத் தமிழரின் பேச்சில் அது ‘சடக்கு’ ஆகிக் குடியேறியிருக்கிறது. ஒடியர்களுக்கு உள்ளூர்ச் சொல்லான ‘தாண்ட’வும் உண்டு. பூரியில் தேர் ஓடும் பெருந்தெருவின் பெயர் ‘பட தாண்ட’.)

சாலை போட்ட அதே அரசு அதன் முடிவில் சுங்கமும் வைத்திருந்தது. 1806-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி பூரிக்கு வரும் யாத்திரிகர்கள் வகைப்படுத்தப்பட்டு வரி வாங்கப்பட்டனர். முதல் வகையினர் ‘லால் யாத்ரி’கள். இவர்கள் வடக்கிலிருந்து அடாரநளா வாயில் வழியாக வந்தால் பத்து ரூபாய். தெற்கிலிருந்து லோகநாத் வாயில் வழியாக வந்தால் ஆறு ரூபாய். அடுத்த வகைக்கு முறையே ஐந்தும் மூன்றும். அதற்கும் கீழே இரண்டு ரூபாய் கட்டுவோர். வரி கட்டவே இயலாத ஏழைகளுக்குத் தனிப் பிரிவு. வடக்கத்தியரின் மடிச்சீலை கனமானது என்று அரசு கணித்தது போலும். தெற்கிலிருந்து சென்ற நம் முன்னோருக்குச் சலுகை கிடைத்தது. அப்படிச் சென்றவர்களின் தடம் பூரியில் இன்றும் உண்டு. இராமானுச மரபைச் சேர்ந்த ‘எமார் மட’த்தின் பெயர் ‘எம்பார்’ என்பதன் திரிபு என்றும், ‘எம்பெருமானார்’ என்பதன் சுருக்கம் என்றும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. இவ்வரி 1840-இல்தான் நீக்கப்பட்டது. நீக்கக் கோரிக் கூச்சலிட்டவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கிறித்தவ மிஷனரிகள். யாத்திரிகர்மீது கொண்ட பரிவைவிட, கம்பெனி ‘விக்கிரக ஆராதனை’யால் வருவாய் பெறுகிறதே என்ற உறுத்தல்தான் அவர்களிடம் மிகுந்திருந்தது. அது வேறு கதை.

இனி இச்சாலையின் உடலமைப்புக்கு வருவோம். என் கேள்விக்கான விடையின் பாதி அதில்தான் இருக்கிறது.

ஒடிசாவின் நதிகள் மேற்கே மலைகளில் தோன்றிக் கிழக்கே கடலில் கலப்பவை. கடற்கரைக்கு இணையாக வடக்கிலிருந்து தெற்கே போடும் எந்தச் சாலையும் அவை ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டியாகவேண்டும். சுவர்ணரேகா, புடாபலங்கா, சாலந்தி, வைதரணி, பிராமணி, பிரூபா, மகாநதி, காட்டஜோடி, குவாகாயி, பார்கவி என்று பட்டியல் நீளும். கட்டக் நகரமே மகாநதிக்கும் காட்டஜோடிக்கும் இடையில் சிக்கிய நாக்கு வடிவ நிலம். தாழ்நிலங்களில் மண்ணைக் குவித்து மேடாக்கிச் சாலை போட்டார்கள். ஓடைகளுக்குக் கல்பாலங்கள் கட்டினார்கள். பெருநதிகளில் படகுத்துறைதான். கோடையில் மணலில் இறங்கி நடக்கலாம். மழைக்காலத்தில் படகுக்காகக் காத்திருக்கவேண்டும். சாலையில் கப்பிக்கல் பரப்பப்படவில்லை. முதல் பெருமழைக்குப் பின் வண்டிச்சக்கரம் அச்சுவரை புதையும்.

ரத யாத்திரை ஆஷாட மாதத்தில், அதாவது ஜூன் அல்லது ஜூலையில் வருவது. ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் பருவமழை தொடங்கும் வேளையில் பூரியை அடைந்து, மழை உச்சத்தில் இருக்கும்போது திரும்ப நடக்கிறது. போகும்போது கையில் பணமும் காலில் வலுவும் உண்டு. திரும்பும்போது பணம் பண்டாக்களிடம் போயிருக்கும், உடல் களைத்திருக்கும், நதிகள் கரை புரண்டிருக்கும். படகுக்காரர் கேட்கும் கூலி இல்லாதவர்கள் கரையிலேயே நாட்கணக்கில் நனைந்து கிடப்பார்கள். காலரா அந்தக் கரைகளில்தான் தன் வேலையைச் செய்தது. யாத்திரிகர்களில் பெரும்பாலோர் பெண்கள், குறிப்பாக வங்காளத்துக் கைம்பெண்கள். 1806-இல் இவ்வழியே சென்ற பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், பத்ரக்கை அடைந்தபோதே சாலையோரம் சிதறிக் கிடந்த மனித எலும்புகளைக் கண்டதாகப் பதிவு செய்தார். ஆறு பத்தாண்டுகள் கழித்து எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரின் ஒரிசா நூலிலும், சுகாதார ஆணையர் டேவிட் ஸ்மித்தின் யாத்திரை அறிக்கையிலும் அதே காட்சிகள் திரும்ப வருகின்றன.

இந்த மிஷனரி எழுத்துகளின் வழியே ஆங்கிலத்தில் பரவலான சொல்தான் ‘ஜகர்நாட்’. தடுக்க முடியாமல் எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் ஆற்றல் என்பது அதன் பொருள். தேர்ச்சக்கரத்தின்கீழ் பக்தர்கள் விழுந்து மாள்கிறார்கள் என்ற கதையை ஐரோப்பிய யாத்திரிகர்கள் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே சொல்லிவந்தனர். தேருக்கடியில் மாண்டவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியானோர் சாலையில் மாண்டார்கள்; சாலைக்கு அப்படியொரு சொல் கிடைக்கவில்லை. பிரித்தானிய ஆங்கிலத்தில் பின்னாளில் அச்சொல் பெருஞ்சரக்கு லாரியைக் குறிக்கலாயிற்று. தேசிய நெடுஞ்சாலை 16-இல் இரவெல்லாம் உறுமிச் செல்லும் பதினெட்டுச் சக்கர வண்டிகளைப் பார்க்கும்போது, சுற்றி வந்த சொல் வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எலும்புகளைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. மே மாத இறுதிக்குப் பின் இச்சாலை என்னவாகும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. 1866-இல் நேர்ந்ததை எதிர்பாராத இயற்கைச் சதி என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

1865-இல் மழை செப்டம்பரோடு நின்றுபோனது. கடலோர ஒரிசா ஒரே ஒரு குளிர்கால நெற்பயிரை நம்பி வாழ்ந்த நிலம். அப்பயிர் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவது ஐயமாயிற்று. அக்டோபரில் அரிசி விலை தாவியது. சந்தைகளில் வணிகர்கள் கடையடைத்தார்கள். பிரிவு ஆணையர் ரேவன்ஷாவும் கல்கத்தாவிலிருந்த வருவாய் வாரியமும், நெல் இருக்கிறது, பதுக்கி வைத்திருக்கிறார்கள், விலை ஏறினால் வெளியே வரும் என்று நம்பினார்கள். பூரியில் நிவாரணக் கூலியாகக் கொடுக்க அரிசி இறக்குமதி செய்யலாமா என்று கேட்டபோது, 1866 பிப்ரவரித் தொடக்கத்தில் வந்த தந்தி மறுத்துவிட்டது; சந்தை விரும்பினால் அரிசி தானே பூரிக்கு வழி கண்டுகொள்ளும் என்பது அதன் சாரம். அதே பிப்ரவரியில் வங்காளத் துணைநிலை ஆளுநர் சிசில் பீடன் ஒரிசாவுக்கு வந்தார். கட்டக்கில் தர்பார் நடத்தினார். விலையை அரசு கட்டுப்படுத்துவது கொள்ளைக்கு ஒப்பாகும் என்ற பொருளில் பேசிவிட்டுத் திரும்பினார்.

அரிசி தானே வழி கண்டுகொள்ளும் என்ற வாக்கியத்தை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிப் பார்ப்போம். கல்கத்தாவிலிருந்து கட்டக் ஏறத்தாழ 250 மைல். சுமை வண்டி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போகும். உலர்ந்த காலத்திலேயே மூன்று வாரத்துக்கு மேலாகும். மாடுகளுக்குத் தீவனம் வழியில் வாங்கவேண்டும். வறட்சியில் வைக்கோலும் நெல்லோடு சேர்ந்தே பொய்த்திருக்கும். வண்டிக்காரன் போகவர ஒன்றரை மாதம் உண்ணவேண்டும். வழியிலுள்ள ஊர்களும் பசித்த ஊர்கள். காவலின்றி அரிசி கடக்காது. மேலும், ஒரிசா அதுவரை அரிசியை வெளியே அனுப்பிய மாகாணம். அதன் கடற்கரை வணிகர்களும் படகுகளும் பழகியிருந்தது ஏற்றி அனுப்புவதற்கு. உள்ளே கொண்டுவருவதற்கான வணிகத் தொடர்போ கடனேற்பாடோ இல்லை. எவ்வளவு விலை ஏறினாலும் மார்ச்சுக்குள் அரசு முன்வந்து வண்டிகளைத் திரட்டியிருந்தாலொழிய அரிசி வந்திருக்காது.

மே மாத இறுதியில், கட்டக்கிலிருந்த சிப்பாய்களுக்கும் சிறைக்கைதிகளுக்கும் கொடுக்கக்கூட அரிசி தீர்ந்துபோகும் நிலை வந்த பிறகே இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது. அப்போது பருவமழை வந்துவிட்டது. சாலை சேறாயிற்று. கடலும் மூடிக்கொண்டது. மகாநதி முகத்துவாரத்துக்கருகே ஃபால்ஸ் பாயிண்ட் துறையில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அரிசியைச் சிறு படகுகளில் இறக்கி, கால்வாய்களிலும் ஆறுகளிலும் எதிர்நீச்சலிட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல வாரங்கள் பிடித்தன. ஆகஸ்டில் மகாநதி பெருக்கெடுத்து, எஞ்சிய பயிரையும் தாழ்நில ஊர்களையும் மூழ்கடித்தது. அவ்வாண்டில் மாண்டவர்கள் மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்கு என்றும் மூன்றில் ஒரு பங்கு என்றும் மதிப்பிடப்பட்டது. முதலில் மடிந்தவர்களில் பாலேஸ்வர்க் கடற்கரையின் உப்பளத் தொழிலாளர்களான மலங்கிகளும் அடங்குவர். அரசு உப்பு உற்பத்தியைக் கைவிட்டதால் சில ஆண்டுகளுக்கு முன்பே பிழைப்பை இழந்தவர்கள் அவர்கள்.

ஜார்ஜ் கேம்ப்பெல் தலைமையிலான விசாரணை ஆணையம் 1867-இல் அறிக்கை அளித்தது. நேர்மையான அறிக்கை என்றே சொல்லவேண்டும். வருவாய் வாரியத்தையும் பீடனையும் அது தப்பவிடவில்லை. ஆயினும் அதன் மையச் சொல் ‘தனிமை’. ஒருபுறம் வழியற்ற காடு, மறுபுறம் அணுக இயலாத கடல். நடுவில் அகப்பட்ட மக்களின் நிலையை, உணவு ஏற்றாத கப்பலில் செல்வோரின் நிலையோடு அது ஒப்பிட்டது. பின்வந்த வரலாற்று நூல்கள் பலவும் இவ்வுவமையை ஏற்றுக்கொண்டன. எனக்கு இதில் ஐயம் உண்டு. பாலேஸ்வர் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் டேனியரும் பண்டகசாலை வைத்திருந்த துறைமுகம். பூரிக்கு இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் நடந்து வந்தார்கள். 1510-இல் சைதன்யர் இவ்வழியே வந்தார். அவருக்குப் பின் வங்காளமே வந்தது. இப்படிப்பட்ட நிலத்தை இயல்பாகவே தனிமைப்பட்டது என்று எப்படிச் சொல்வது? அறுபது ஆண்டுக் கம்பெனி, அரச ஆட்சியில் உப்பும் துறைமுகமும் நலிந்து, மிஞ்சிய ஒரே பெருவழி காலாட்படைக்கும் தபால்காரனுக்கும் காலால் நடக்கும் பக்தருக்கும் போதுமான தரத்தில் நிறுத்தப்பட்டது. தனிமை அவ்வாறு உண்டாக்கப்பட்டது.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடவேண்டும். 1820-களின் பொறியியலில் மகாநதியின் அகலத்துக்குப் பாலம் கட்டுவது எளிதன்று, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கப்பிக்கல் பரப்பவும், படகுத்துறைகளில் வண்டி ஏற்றும் அளவுக்குப் பெரிய படகுகளை அரசே வைத்திருக்கவும் எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. யாத்திரிகர் வரியைப் பல பத்தாண்டுகள் வசூலித்த அரசுக்குச் செலவைப் பற்றிப் பேசும் தகுதியும் குறைவு.

பஞ்சம் விட்டுச்சென்ற இரண்டு சொற்களைப் பற்றி ஒரு மொழியியல் மாணவனாக எழுதாமல் கடக்க முடியவில்லை.

ஒடியர்கள் அதை ‘ந’அங்க துர்பிக்ஷ’ என்பார்கள். ஒன்பதாம் அங்கத்துப் பஞ்சம். பூரி மன்னரின் ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணிக்கும் முறைக்கு ‘அங்க’ என்று பெயர். அதில் 1 கிடையாது. முதல் ஆண்டே 2-ஆம் அங்கம். 6-இல் முடியும் எண்களும், 10 நீங்கலாக 0-வில் முடியும் எண்களும் விலக்கப்படும். ஆகவே 2, 3, 4, 5, 7, 8, 9 என்று எண்ணினால் மன்னர் திவ்யசிங்க தேவரின் ஒன்பதாம் அங்கம் உண்மையில் அவருடைய ஏழாம் ஆட்சியாண்டு. அதிகாரமெல்லாம் ஆங்கிலேயரிடம் போய் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், தம் பெருந்துயரத்தை ஒடியர்கள் தம் அரசனின் நாட்காட்டியில்தான் குறித்துவைத்தார்கள்.

மற்றொரு சொல் கசப்பானது. நிவாரணக் கஞ்சி ஊற்றிய இடங்கள் ‘அன்னசத்ர’ எனப்பட்டன. நம் ‘சத்திர’த்தின் உடன்பிறப்பு. சாதி பாராமல் ஒரே இடத்தில் சமைத்ததை உண்டவர்களை, பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்பியபோது உறவினர் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் ‘சத்ரகியா’ எனப்பட்டனர். ‘சத்திரத்தில் உண்டவர்’ என்பது பொருள். சில பத்தாண்டுகளில் அது ஒரு சாதியின் பெயராகவே ஆகி, ரிஸ்லியின் வங்காளச் சாதிகள் பற்றிய தொகுப்பில் தனிப் பதிவாக இடம்பெற்றது. தமிழில் ‘சத்திரத்துச் சோறு’ என்றால் ஏளனம் சற்று ஒட்டியிருக்கும். சாதி போகும் அளவுக்கு ஒட்டியதில்லை. உண்ணாதவன் செத்தான், உண்டவன் சாதியிழந்தான் என்ற நிலையை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே தங்கள் உடலில் தாங்கினார்கள். பஞ்ச வரலாறுகள் இறந்தவர்களை எண்ணுகின்றன. பிழைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்களை யாரும் எண்ணவில்லை.

பஞ்சத்தின் நடுவில், 1866 ஆகஸ்டு 4 அன்று, கட்டக்கில் ‘உத்கள தீபிகா’ வார இதழ் பிறந்தது. அதன் ஆசிரியர் கௌரிசங்கர் ராய். அரிசி எங்கே என்று கல்கத்தாவைக் கேட்க ஒடிய மொழியில் ஓர் அச்சுக்குரல் தேவைப்பட்டது. ஜகந்நாத் சடக் வழியே அரிசி வராவிட்டாலும் வங்காள எழுத்தர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் வந்துகொண்டுதான் இருந்தனர். 1870-இல் பாலேஸ்வர்ப் பள்ளி ஆசிரியர் காந்திசந்திர பட்டாசார்யா, ஒடியம் தனிமொழி அன்று என்று வங்காளத்தில் நூலெழுதினார். அப்போது பாலேஸ்வர் ஆட்சியராக இருந்தவர் ஜான் பீம்ஸ். இந்திய ஆரிய மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய அதே பீம்ஸ். அவர் ஒலியியல், இலக்கணச் சான்றுகளோடு ஒடியத்தின் தனித்தன்மையை நிறுவினார். ஃபகீர் மோகன் சேனாபதியின் நட்பும் உழைப்பும் அதில் அவருக்குத் துணை நின்றன. எங்கள் துறையில் பீம்ஸைப் பழைய இலக்கணக்காரராக மட்டுமே படிக்கிறோம்; ஒரு பாடநூல் எந்த மொழியில் அச்சாக வேண்டும் என்ற சச்சரவின் நடுவில் அமர்ந்து எழுதியவர் என்பதைப் படிப்பதில்லை.

இச்சச்சரவுக்குச் சாலைகளோடு உள்ள உறவை வரைபடத்தில் பார்க்கலாம். வடக்கு ஒடியர்கள் ஜகந்நாத் சடக்கால் கல்கத்தாவுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். கஞ்சத்து ஒடியர்கள் நம் ஜி.என்.டி. சாலையால் மதராஸுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். அவர்கள் எதிர்கொண்டது தெலுங்கை. மேற்கே சம்பல்பூர் நாக்பூரை நோக்கியிருந்தது, அங்கே இந்தி. ஒரே மொழியினர் மூன்று தலைநகரங்களை நோக்கி மூன்று திசையில் நடந்தார்கள். 1903-இல் உத்கள சம்மிளனி கூடியதும், 1936 ஏப்ரல் 1 அன்று கஞ்சம் மதராஸ் மாகாணத்திலிருந்து பிரிந்து புதிய ஒரிசா மாகாணத்தில் சேர்ந்ததும் இதன் தொடர்ச்சி.

சாலையின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பஞ்சத்துக்குப் பின் அரசின் கவனம் நீர்வழிக்குத் திரும்பியது. ஒரிசாக் கடற்கரைக் கால்வாய் 1880-களில் வெட்டப்பட்டது. கல்கத்தாவிலிருந்து சாந்த்பாலிக்கு நீராவிக் கப்பல்கள் ஓடின. யாத்திரிகர்கள் சாலையைக் கைவிட்டுக் கப்பலேறினார்கள். 1887 மே 25 அன்று ‘சர் ஜான் லாரன்ஸ்’ என்ற கப்பல் புயலில் மூழ்கியபோது ஏறத்தாழ 750 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பூரிக்குச் சென்ற பெண்கள். கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் சோட்டேலால் படித்துறையில், ஆங்கிலப் பெண்கள் சிலர் அவர்களுக்காகப் பதித்த நினைவுக்கல் இருக்கிறது. தாகூரின் ‘மானசி’த் தொகுப்பில் உள்ள ‘சிந்து தரங்க’ என்ற கவிதை இவ்விபத்தைப் பற்றியது.

பின்னர் இரயில் வந்தது. 1890-களில் தொடங்கி 1900-க்குள் மகாநதி, பிராமணி, வைதரணி, ரூப்நாராயண் என எல்லா நதிகளின் மேலும் இரும்புப் பாலங்கள் எழுந்தன; தெற்கே கோதாவரியின் மேல் ஹேவ்லாக் பாலமும் 1900-இல் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சாலைக்குக் கிடைக்காத பாலங்கள் தண்டவாளத்துக்குப் பத்தாண்டுக்குள் கிடைத்தன. ஜகந்நாத் சடக் உள்ளூர் மாட்டுவண்டிகளின் வழியாகச் சுருங்கிற்று. அதன் பெருநதிகளில் பெரும்பாலானவை சாலைப் பாலங்களைக் கண்டது சுதந்திரத்துக்குப் பின்னர்தான். தங்க நாற்கரத் திட்டத்தின்கீழ் அது நான்கு தடங்களாக விரிந்து, பல நகரங்களைப் புறவழியாக ஒதுக்கிச் சென்றுவிட்டதால், பழைய சாலையின் துண்டுகள் ஊர்களுக்குள் ஓ.டி. ரோடு என்ற பெயரோடு மீந்திருக்கின்றன. ரேவன்ஷாவின் பெயரும் கட்டக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயராக மீந்திருக்கிறது. கல்விக்கு அவர் செய்த உதவி உண்மை; 1866-உம் உண்மை. அப்பெயரை மாற்றவேண்டுமா என்ற விவாதம் 2024-இல் எழுந்தது. நான் பெயர் நீடிக்கட்டும் என்ற பக்கம். மாற்றிவிட்டால் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்க மாணவர்களுக்குக் காரணம் ஒன்று குறையும்.

2020 மே மாதத்தில், ஊரடங்கில் வேலையிழந்த ஒடியத் தொழிலாளர்கள் சென்னையிலிருந்தும் ஆந்திர நகரங்களிலிருந்தும் இதே நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்தார்கள். பழைய மிதிவண்டிகளை வாங்கி மிதித்தவர்களும் உண்டு. செங்குன்றம் தாண்டிச் சாலையோரத்தில் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர்களோடு நானும் இரண்டு நாள் நின்றேன். வாங்கியவர்களில் ஒருவரிடம் எந்த ஊர் என்று என் அரைகுறை ஒடியத்தில் கேட்டேன். பத்ரக் என்றார். அங்கிருந்து பத்ரக் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

பாலேஸ்வரில் என் ஆய்வுக்கு உதவிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், ‘சத்ரகியா’ என்ற சொல்லை இன்றும் யாரேனும் வழங்குகிறார்களா என்று கேட்டேன். பழமொழிகளையும் வசைகளையும் மணிக்கணக்கில் தயக்கமின்றிச் சொல்லிவந்தவர், அதற்கு மட்டும் விடை சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.